வசூலான இடத்துக்கே திரும்பட்டும் அந்தப் பணம்

சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டத் திட்ட அனுமதி கேட்டவருக்கு, கோப்பு எல்லா மேசைகளையும் கடந்த பிறகு, சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.விடமிருந்து ஒரு கடிதம் வரும். அனுமதி தரத் தயார், முதலில் இந்தத் தொகைகளைக் கட்டிவிட்டு வாருங்கள் என்பது அதன் சாரம். நிலத்துக்கும் கட்டடத்துக்குமான மேம்பாட்டுக் கட்டணம், பரிசீலனைக் கட்டணம், உட்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிகள் கட்டணம், குடிநீர் வாரியத்துக்கென்று தனியாக ஒரு கட்டணம், திறந்தவெளிக்கு இடம் விட முடியாவிட்டால் அதற்கு ஈடான தொகை, கூடுதல் தளப் பரப்பு வாங்கியிருந்தால் அதற்குப் பிரீமியம் என்று பட்டியல் நீளும். வீடு வாங்குபவர் இந்தக் கடிதத்தைப் பார்ப்பதில்லை. பில்டர் கட்டுகிறார், சதுர அடி விலையில் ஏற்றுகிறார். வாங்குபவர் இருபது ஆண்டு வங்கிக் கடனில் வட்டியோடு சேர்த்து அதை அடைக்கிறார். அந்தப் பணம் தன் தெருவுக்கு எதைக் கொண்டுவந்தது என்று அவர் கேட்டால் பதில் சொல்லும் கடமை இன்று எந்த அலுவலகத்துக்கும் இல்லை. புதிய வீடுகள் மீது கட்டணம் விதிப்பது நியாயம் என்பதே என் கருத்து. ஆனால் எந்தப் பகுதியில் வசூலானதோ அந்தப் பகுதியிலேயே, மக்கள் குடியேறும் காலத்துக்குள், கணக்குக் காட்டிச் செலவிட்டால் மட்டுமே அந்த நியாயம் நிற்கும்.

கட்டணம் ஏன் நியாயம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு பழைய பங்களா இருந்த மனையில் முந்நூறு வீடுகள் எழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஓர் இணைப்புக்கு அளந்து போட்ட குடிநீர்க் குழாய்க்கும், ஒரு குடும்பத்தின் கழிவைச் சுமந்த பாதாளச் சாக்கடைக்கும் இனி வேறு அளவு வேண்டும். பள்ளியில் இருக்கைகள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர்கள், பேருந்து நிறுத்தம், மழைநீர் வடிகால் எல்லாமே கூடுதலாகத் தேவைப்படும். இந்தச் செலவை உண்டாக்கும் திட்டம் அதில் ஒரு பங்கையாவது ஏற்க வேண்டும் என்பதில் தவறு காண முடியாது. ஏற்காவிட்டால், ஏற்கெனவே அங்கே வசிப்பவர்கள் குறைந்த தண்ணீரிலும் நிரம்பி வழியும் ஆள்நுழைவுக் குழியிலும் அதன் விலையைக் கொடுப்பார்கள். தமிழ்நாட்டுச் சட்டமும் இதை ஒப்புக்கொண்டுதான் எழுதப்பட்டிருக்கிறது. 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் மேம்பாட்டுக் கட்டணத்துக்கு வழி செய்தது. 2007இல் அதில் ஒரு திருத்தம் சேர்ந்தது. கட்டுமானத்தால் ஏற்படும் தாக்கத்தை ஈடுகட்டவும், போதிய உட்கட்டமைப்பையும் அடிப்படை வசதிகளையும் தரவும் தனியாக ஒரு கட்டணம் வசூலிக்க அது அதிகாரம் அளித்தது. 2008இல் விதிகள் வந்தன.

சிக்கல் அதற்கடுத்த கட்டத்தில் தொடங்குகிறது. இப்படி வசூலாகும் தொகை மாநில அளவில் அமைந்த ஒரே நிதியில் போய்ச் சேர்கிறது. எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு என்பதை அரசு முடிவு செய்கிறது. பெருங்குடியில் எழுந்த கட்டடத்தின் பணம் பெருங்குடிக்கே வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தாக்கத்தை ஈடுகட்ட என்று சொல்லி வாங்கும் பணம், தாக்கம் நிகழ்ந்த இடத்தை மறந்துவிடுகிறது. இத்தனைக்கும் இடத்தோடு பணத்தைப் பிணைக்கும் எண்ணம் நம் விதிகளுக்குப் புதிதல்ல. சென்னைப் பெருநகரின் இரண்டாவது முழுமைத் திட்டம், பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.க்காக, அதாவது கூடுதல் தளப் பரப்புக்காக, வாங்கும் தொகையைத் தனிக் கணக்கில் வைத்து, அந்தப் பகுதியின் உட்கட்டமைப்புக்கே பயன்படுத்த வேண்டும் என்று எழுதி வைத்தது. அதே வரியில் அரசு முடிவு செய்கிறபடி என்றும் சேர்த்துவிட்டது. முற்பாதி மக்களுக்குக் கொடுத்ததைப் பிற்பாதி கையில் எடுத்துக்கொண்டது. பகுதிவாரியாக எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்ற கணக்கு வெளியே வராதவரை முற்பாதி நிறைவேறியதா என்று யாராலும் சரிபார்க்க முடியாது.

இப்படி வாங்குவது கட்டணமா, வரியா? கட்டணத்துக்கும் வரிக்கும் உள்ள வேறுபாட்டை இந்தியாவில் முதன்முதலாகத் தீர்க்கமாக வரையறுத்த வழக்கு சென்னை மாகாணத்திலிருந்து போனதுதான். 1954இல் சீரூர் மடம் வழக்கில், அறநிலையச் சட்டத்தின் கீழ் மடங்களிடமிருந்து அரசு வாங்கிய பங்களிப்பை உச்ச நீதிமன்றம் ஆராய்ந்தது. வாங்கிய தொகைக்கும் செய்த சேவையின் செலவுக்கும் தொடர்பு இல்லை, பணம் பொது வருவாயோடு கலந்துவிடுகிறது, எனவே கட்டணம் என்ற பெயரில் வாங்கப்படுவது உண்மையில் வரியே என்று அது கண்டது. பின்னாளில் நீதிமன்றம் இந்த அளவுகோலைத் தளர்த்தியது. பைசாவுக்குப் பைசா ஈடு வேண்டாம், பொதுவான ஒரு தொடர்பு இருந்தால் போதும் என்று 1983 வாக்கில் நிலைமை மாறிவிட்டது. ஆகவே இன்றைய வசூல் சட்டப்படி செல்லாது என்று நான் வாதிடவில்லை. நீதிமன்றத்தில் நிற்கும் ஒன்று குடிமகனின் முன்னால் நிற்க வேண்டும் என்பதில்லை. பணம் கொடுத்தவருக்கு ஏதாவது திரும்பி வந்ததா என்று 1954இல் கேட்ட கேள்வியை ஆட்சியாளர்கள் தாங்களாகவே கேட்டுக்கொள்ள எந்தத் தீர்ப்பும் தடையாக இல்லை.

பழைய மாமல்லபுரம் சாலையைப் பாருங்கள். பெருங்குடியும் சோழிங்கநல்லூரும் 2011இல் மாநகராட்சியோடு இணைந்தன. அதற்கு முன்பே அங்கே அடுக்குமாடிக் கோபுரங்கள் எழத் தொடங்கிவிட்டன. தெற்கே நாவலூர், படூர், கேளம்பாக்கம் போன்றவை பல மாடிக் குடியிருப்புகள் எழுந்த காலத்தில் கிராம ஊராட்சிகள். ஆயிரம் வீடுகள் கொண்ட ஒரு வளாகத்துக்கு அனுமதி தருவது ஓர் அமைப்பு, பணம் சேர்வது கோட்டையின் நிதிக் கணக்கில், அந்த ஆயிரம் வீடுகளின் குப்பையையும் தெருவிளக்கையும் சாலையையும் பார்த்துக்கொள்ள வேண்டியது ஓர் ஊராட்சி அலுவலகம். விளைவு அன்றாடம் கண்ணுக்குத் தெரிகிறது. அதிகாலையில் தண்ணீர் லாரிகள் வரிசையாக வளாகத்துக்குள் நுழைகின்றன. வளாகத்தின் சொந்தச் சுத்திகரிப்பு நிலையம் திணறும் நாள்களில் கழிவுநீர் லாரி வெளியே போகிறது. இரண்டுக்கும் ஆகும் செலவு பராமரிப்புக் கட்டணமாக மாதந்தோறும் அதே வீட்டுக்காரர் தலையில் விழுகிறது. குழாய் போடுவதற்கென்று ஒரு முறை கொடுத்தவர், குழாய் வராததற்காக மாதந்தோறும் மறுபடியும் கொடுக்கிறார். கட்டணத்தால் வீட்டு விலை ஏறுகிறது என்று குறைப்படுபவர்கள் இந்த இரண்டாவது செலவைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சேர்த்தால், வாக்குறுதி நிறைவேறாத கட்டணம் எவ்வளவு பெரிய சுமை என்பது விளங்கும்.

திறந்தவெளி ஒதுக்கீட்டின் கதை இதைவிடத் தெளிவானது. ஓ.எஸ்.ஆர். என்று கட்டுமானத் துறையினர் சொல்லும் இந்த விதி தமிழ்நாட்டின் நல்ல விதிகளில் ஒன்று. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டுபவர், சாலைகள் நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை உள்ள மனைகளில் இடம் விட இயலாதபோது, ஈடான நிலத்தின் மதிப்பைப் பணமாகக் கட்டலாம். இந்த ஏற்பாட்டை எதிர்த்துப் பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. நிலமாகக் கொடுத்த இடங்களில் பலன் கண்ணெதிரே இருக்கிறது. பூங்காவாக்கப்பட்ட ஒதுக்கீட்டு நிலம் எங்கே இருந்தாலும் அக்கம்பக்கத்துக் குழந்தைகள் அத்தனை பேருக்கும் அது சொந்தம். சில வளாகங்கள் தானமாகக் கொடுத்த நிலத்துக்கே கேட் போட்டுக் காவலாளியை நிறுத்துகின்றன என்பதும் உண்மைதான். ஆனாலும் நிலம் அங்கேயே இருக்கிறது. மாநகராட்சி நினைத்தால் மீட்டுவிடலாம்.

பணமாகக் கொடுத்தவற்றில் மீட்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. ஈட்டுத் தொகை பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பை வைத்துக் கணக்கிடப்படுகிறது. சந்தை விலை அதற்கு மேலே எங்கோ நிற்கிறது. ஆகவே, 600 சதுர மீட்டர் நிலத்துக்கு ஈடாக வாங்கிய பணத்தைக் கொண்டு அதே தெருவில் 600 சதுர மீட்டர் வாங்கவே முடியாது. 2017 ஜூனில் தமிழ்நாடு அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. பத்திரப் பதிவைப் பெருக்கவும் வாங்குபவர் சுமையைக் குறைக்கவும் எடுத்த முடிவு அது. 2023 ஏப்ரலில்தான் பழைய மதிப்பு மீண்டும் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ ஆறு ஆண்டுகளில் பூங்காவுக்கு ஈடாகக் கணக்கிடப்பட்ட தொகையும் அந்த மதிப்போடு சேர்ந்தே இறங்கியிருக்கும். நிலத்தின் உண்மையான விலை மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிடவில்லை. பத்திரப் பதிவுக்கென்று எடுத்த ஒரு முடிவு, எத்தனையோ தெருக்களின் விளையாட்டிடத்தை அரித்துவிட்டது. இடத்தோடும் நோக்கத்தோடும் பிணைக்கப்படாத பணம் இப்படித்தான் சத்தமில்லாமல் கரையும்.

இந்தப் பாதையில் நமக்கு முன்னே வெகுதூரம் போன அமெரிக்க மாநிலம் ஒன்று உண்டு. 1978 ஜூனில் கலிபோர்னியா வாக்காளர்கள் 13ஆம் எண் முன்மொழிவை நிறைவேற்றினார்கள். சொத்து வரி மதிப்பீட்டில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வீடு கைமாறும்வரை மதிப்பீடு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்பது அதன் சாரம். பழைய வீட்டுக்காரர்களின் வரி ஏறக்குறைய உறைந்து நின்றது. பள்ளிக்கும் சாலைக்கும் பூங்காவுக்கும் பணம் தேடிய நகரங்கள், அந்தத் தேர்தலில் வாக்களிக்க வாய்ப்பே இல்லாத ஒருவரைக் கண்டுபிடித்தன. அவர் இனிமேல் குடிவரப்போகிறவர். கட்டணங்கள் ஏறிக்கொண்டே போயின. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டெர்னர் மையம் 2018இல் ஏழு நகரங்களை ஆராய்ந்தபோது, ஃப்ரீமாண்ட் நகரில் ஒரு தனி வீட்டுக்கான கட்டணங்கள் ஏறத்தாழ 1,57,000 டாலரைத் தொட்டிருந்தன. புது வீட்டுக் கட்டணம் தன்னளவில் கெட்டதென்று இதற்குப் பொருளில்லை. ஊர் முழுவதும் பகிர்ந்து சுமக்க வேண்டியதைப் புதிதாக வருபவர் தலையில் மட்டும் ஏற்றினால் அது எங்கே போய் முடியும் என்பதற்கு இது சான்று.

ஆனால் அதே கலிபோர்னியாவிடமிருந்து கற்க வேண்டிய நல்லதும் இருக்கிறது. 1987இல் அங்கே இயற்றப்பட்ட சட்டம், கட்டணம் வாங்கும் நகரம் எந்த வசதிக்காக வாங்குகிறது, அந்தக் கட்டடத்துக்கும் அந்த வசதிக்கும் என்ன தொடர்பு என்று முன்கூட்டியே காட்ட வேண்டும் என்கிறது. வாங்கிய தொகையைத் தனிக் கணக்கில் வைத்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். செலவாகாமல் கிடக்கும் தொகை எதற்காக இன்னும் தேவைப்படுகிறது என்று ஐந்தாண்டுக்கு ஒரு முறை காரணம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுவும் பில்டருக்கு அல்ல, அன்றைய தேதியில் அந்த வீட்டின் உரிமையாளராக இருப்பவருக்கு. சுமையை யார் கடைசியில் சுமந்தார் என்பதை அறிந்து எழுதப்பட்ட விதி இது. 2024 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. எல் டொராடோ மாவட்டத்தில் ஒரு சிறிய வீட்டுக்குச் சாலைக் கட்டணமாக 23,420 டாலர் கேட்கப்பட்ட வழக்கில், சட்டமியற்றும் அவையே கட்டணத்தை நிர்ணயித்திருந்தாலும், வீட்டின் தாக்கத்துக்கும் தொகைக்கும் உள்ள தொடர்பையும் விகிதத்தையும் சோதிப்பதிலிருந்து அதற்கு விலக்கு இல்லை என்று ஒருமனதாகச் சொன்னது.

சென்னையும் தன் வகையில் ஒரு 13ஆம் எண் முன்மொழிவை நடத்திப் பார்த்த நகரம்தான். இங்கே 1998க்குப் பிறகு இருபது ஆண்டுகள் சொத்து வரி மறுசீராய்வு நடக்கவில்லை. 2018இல் உயர்த்தப்பட்டது, எதிர்ப்பு எழுந்ததும் 2019இல் நிறுத்தி வைக்கப்பட்டது. கடைசியில் 2022இல்தான், மாநகராட்சியின் பழைய பகுதிகளில் குடியிருப்புகளுக்குப் பரப்பளவுக்கு ஏற்ப 50 முதல் 150 சதவீதம் வரை ஒரே மூச்சில் ஏற்ற வேண்டியிருந்தது. வரி உறைந்திருந்த அந்த நீண்ட இடைவெளியின் நடுவில்தான் புதிய கட்டடங்கள் மீதான 2007ஆம் ஆண்டுக் கட்டணம் வந்தது. ஒன்றுக்காக மற்றொன்று என்று யாரும் தீர்மானம் போடவில்லை. இருந்தாலும் அரசியல் கணக்கு ஒன்றே. வரியை உயர்த்தினால் வார்டு முழுவதும் கோபப்படும். கட்டணத்தை உயர்த்தினால் கோபப்பட வேண்டியவர் இன்னும் அந்த வார்டின் வாக்காளர் பட்டியலிலேயே இல்லை.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு சமத்துவத்தின் பக்கத்திலிருந்து வருகிறது. பணம் வசூலான இடத்திலேயே தங்கினால், கோபுரங்கள் எழும் பகுதி செழிக்கும், கட்டுமானமே நடக்காத வடசென்னையின் நெரிசல் தெருக்கள் அப்படியே கிடக்கும் அல்லவா என்று கேட்கலாம். மாநில நிதி என்ற ஏற்பாடே இந்த ஏற்றத்தாழ்வைச் சமன் செய்வதற்குத்தான் என்றும் சொல்லலாம். இந்தக் கவலையை நான் மதிக்கிறேன். வடசென்னைக் கொடுங்கையூரின் குறைகளுக்கு எல்லோரும் பொறுப்பு. அதனால்தான் அவற்றை எல்லோரும் கொடுக்கும் சொத்து வரியிலிருந்தும், முத்திரைத் தீர்வையிலிருந்தும், மாநில வரவுசெலவுத் திட்டத்திலிருந்தும் நிறைவேற்ற வேண்டும். அண்ணா நகரில் முப்பது ஆண்டுகளாகச் சொந்த பங்களாவில் இருப்பவர் கொடுங்கையூருக்கு எதுவும் தர வேண்டாம், தாழம்பூரில் முதல் வீடு வாங்கும் இளம் தம்பதி தர வேண்டும் என்பது எந்த வகைச் சமத்துவம்? அது மட்டுமல்ல, புதிய வீடுகள் இன்று பெருமளவில் எழுவது வசதி நிறைந்த நகர நடுவில் அல்ல. நிலம் மலிவாகக் கிடைக்கும், குழாயும் பள்ளியும் பேருந்தும் எட்டாத புறநகரில்தான். பணத்தை அங்கேயே நிறுத்துவது பணக்காரருக்குச் சலுகை ஆகாது.

மெட்ரோ ரயிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும் ஒரு வார்டுக்குள் அடங்குவதில்லையே, சிறு சிறு கணக்குகளாகப் பிரித்தால் பெரிய பணி எதுவும் நடக்காதே என்பது பொறியாளர்களின் மறுப்பு. நெம்மேலியின் கடல்நீர் நிலையத்திலிருந்து தண்ணீர் வராமல் சோழிங்கநல்லூரில் குழாய் மட்டும் போட்டு என்ன பயன் என்று அவர்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. எனவே முழுத் தொகையையும் தெருவுக்குள் பூட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மூன்றில் இரண்டு பங்கு அந்த மண்டலத்துக்கு, மீதி நகரம் தழுவிய பணிகளுக்கு என்று பிரிக்கலாம். விகிதத்தைச் சட்டமன்றம் விவாதித்து மாற்றட்டும். வேண்டியது, அந்த விகிதம் எழுத்தில் இருப்பதும், அதை மீறினால் கேட்க ஒரு வழி இருப்பதும்தான்.

கட்டுமான நிறுவனங்களின் வாதம் வேறு. ஜி.எஸ்.டி., முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் ஏற்கெனவே இருக்கும்போது இந்தக் கட்டணங்களையும் சேர்த்தால் நடுத்தரக் குடும்பத்துக்கு வீடு எட்டாது, ஆகவே ரத்து செய்யுங்கள் என்கிறார்கள். சுமை கூடுகிறது என்பது மெய். ரத்து செய்தால் விலை அந்த அளவுக்கு இறங்கும் என்பதுதான் நம்புவதற்கில்லை. சந்தை தாங்கும் விலைக்கே வீடு விற்கப்படுகிறது. கட்டணம் எவ்வளவு என்பது முன்கூட்டியே தெளிவாகத் தெரிந்தால், பில்டர் நிலத்துக்குப் பேரம் பேசும்போதே அதைக் கழித்துக்கொள்வார். காலப்போக்கில் அதன் ஒரு பகுதி நில உரிமையாளரின் லாபத்திலிருந்து போகும். அந்த நிலத்தின் மதிப்பு உயர்ந்ததே பக்கத்தில் சாலையும் ரயிலும் வந்ததால்தான் என்பதை நினைத்தால் அதில் அநியாயம் ஒன்றுமில்லை. திடீரென்று, அனுமதிக்கு நடுவில் ஏறும் கட்டணம்தான் வாங்குபவரை முழுதாகத் தாக்கும். அதனால் நிலையான விகிதமும், உயர்வுக்குப் போதிய முன்னறிவிப்பும் வேண்டும் என்று நிறுவனங்கள் கேட்டால் அவர்கள் பக்கம் நிற்கலாம். ரத்து என்ற கோரிக்கையின் பக்கம் நிற்க முடியாது. யாருமே பணம் கொடுக்காத சாக்கடை கட்டப்படப் போவதில்லை.

காலம் பற்றிய கோரிக்கையும் நடைமுறைக்கு ஒத்ததே. கட்டணம் திட்ட அனுமதியின்போதே வசூலாகிவிடுகிறது. அன்றிலிருந்து சாவி கைக்கு வரும்வரை ஒரு பெரிய வளாகத்துக்கு மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். குழாய் பதிக்கவும் பள்ளிக்கு வகுப்பறை கூட்டவும் அரசுக்குக் கிடைத்திருக்கும் அவகாசம் அதுவே, பணமும் கையில் இருக்கிறது. அந்த இடைவெளியைப் பயன்படுத்த முடியாது என்று அரசு கருதினால், முழுத் தொகையையும் முதல் நாளே வாங்கி அதன் வட்டியை வாங்குபவர் மீது ஏற்றுவதற்குக் காரணம் இல்லை. பணி நிறைவுச் சான்று தரும்போது ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளலாம்.

பகுதிவாரிக் கணக்கு வைக்க ஆள் இல்லை, அமைப்பு இல்லை என்று சொல்லவும் இடமில்லை. விண்ணப்பம், வரைபடம், கட்டணம் எல்லாமே இன்று இணையவழி நடக்கின்றன. ஒவ்வொரு ரூபாயும் எந்த சர்வே எண்ணிலிருந்து வந்தது என்பது கணினியில் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. வரைபடப்படி கட்டுவார் என்பதற்கு உறுதியாக பில்டரிடம் காப்புத் தொகை வாங்கி, ஒழுங்காகக் கட்டி முடித்தால் திருப்பித் தந்து, மீறினால் பறிமுதல் செய்யும் வழக்கமும் சி.எம்.டி.ஏ.வுக்கு உண்டு. நிபந்தனையோடு பணத்தை வைத்திருக்கவும் கெடு பார்த்துத் திருப்பித் தரவும் தெரிந்த அலுவலகத்திடம்தான், அதே ஒழுங்கை அரசின் பக்கத்துக்கும் பொருத்தச் சொல்கிறோம். இரண்டாவது முழுமைத் திட்டத்தின் காலம் 2026ஓடு முடிகிறது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கான மூன்றாவது திட்டத்தை சி.எம்.டி.ஏ. தயாரித்து வருகிறது. மண்டலத்துக்கு ஒரு கணக்கு, ஆண்டுக்கு ஒரு வெளியீடு, ஐந்தாண்டுக் கெடு, கெடு தவறினால் அந்த வளாகத்தின் இன்றைய வீட்டு உரிமையாளர்களுடைய சொத்து வரியில் கழிவு ஆகிய நான்கையும் அந்த ஆவணத்தில் சேர்க்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். ஈட்டுத் தொகையை வழிகாட்டி மதிப்பிலிருந்து விடுவித்து, அந்தப் பகுதியில் நிலம் வாங்கப் போதுமான அளவுக்கு உயர்த்தி, அதைக் கொண்டு நிலம் மட்டுமே வாங்க வேண்டும் என்ற விதியும் கூடவே வர வேண்டும். பொதுமக்கள் கருத்துக்காக வரைவுத் திட்டம் வெளியாகும்போது, குடியிருப்போர் நலச் சங்கங்கள் எழுத்துமூலம் முதலில் கேட்க வேண்டியவை இவை.